மாலத்தீவுக் காசிம் யார்? குமரி மாவட்டத்துக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நம் மாவட்டத்திலிருந்து மாலத்தீவுக்கு டீச்சர் வேலைக்கும், நர்ஸ் வேலைக்கும், ரிசார்ட் வேலைக்கும் போகிறவர்கள் இன்று நேற்று தொடங்கியவர்கள் அல்ல. திருவனந்தபுரத்தில் விமானம் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் தலைநகர் மாலே. நாகர்கோவிலிலிருந்து மதுரைக்கு பஸ்ஸில் போவதை விடச் சீக்கிரம். போய் இறங்கிய கொஞ்ச நாளிலேயே எல்லோர் காதிலும் விழும் ஒரு பெயர் காசிம் இப்ராகிம். அவரைப் பற்றி இங்கே உள்ளவர்கள் கேட்கும் கேள்விகளையும், அங்கே சில வருடம் பாடம் நடத்தியவன் என்ற முறையில் நான் சொல்லும் பதில்களையும் ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறேன்.

ஒரே வரியில் சொன்னால், யார் இவர்?

வில்லா குழுமத்தின் முதலாளி, ஜும்ஹூரி கட்சியின் தலைவர், முன்னாள் நிதி அமைச்சர், முன்னாள் சபாநாயகர், மூன்று முறை (2008, 2013, 2023) அதிபர் தேர்தலில் நின்று மூன்று முறையும் ஜெயிக்காதவர். ஆனால் 2008, 2013, 2018 ஆகிய மூன்று தேர்தல்களிலும் அவர் எந்தப் பக்கம் சாய்ந்தாரோ அந்தப் பக்கம்தான் அதிபர் வந்தார். அவரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதில் முக்கால் பங்கு இந்தக் கடைசி வரியில்தான் இருக்கிறது.

நம்மூரில் யாரோடு ஒப்பிட்டுப் புரிந்துகொள்ளலாம்?

எல்லோரும் முதலில் சொல்வது வசந்த் அண்ட் கோ வசந்தகுமாரை. அகஸ்தீஸ்வரத்தில் பிறந்து, விற்பனையாளராக வேலை பார்த்து, 1978இல் சொந்தக் கடை போட்டு, பிறகு நாங்குநேரி எம்.எல்.ஏ., 2019இல் கன்னியாகுமரி எம்.பி. என்று வந்தவர். கீழே இருந்து வியாபாரத்தில் ஏறி அரசியலுக்கு வந்த பாதை இரண்டு பேருக்கும் பொதுதான்.

ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. டி.வி., ஃபிரிட்ஜ் விற்கிற கடைக்கு அரசாங்கத்திடம் குத்தகை வாங்க வேண்டியதில்லை. எந்தக் கட்சி ஆண்டாலும் கடை நடக்கும். காசிமின் தொழில் அப்படி அல்ல, அதைக் கீழே சொல்கிறேன். அரசியலில் அவர் பார்த்த வேலையைப் பார்த்தால் காமராசரைத்தான் நினைக்கத் தோன்றும். நாகர்கோவில் 1969இலும் 1971இலும் டெல்லிக்கு அனுப்பிய அதே காமராசர், தான் பிரதமர் நாற்காலியில் உட்காராமல் சாஸ்திரியையும் இந்திராவையும் உட்கார வைத்தவர். குணத்தில் ஒப்பிட்டால் சண்டைக்கு வருவீர்கள். ஒருவர் பையில் காசு வைத்துக்கொள்ளாதவர், மற்றவர் அந்த நாட்டின் பெரும் பணக்காரர்களில் ஒருவர். அதோடு காமராசர் நாற்காலியை வேண்டாம் என்று விட்டார். காசிம் வேண்டும் வேண்டும் என்று நின்றும் கிடைக்கவில்லை.

பணக்காரக் குடும்பமா?

இல்லை. 1951ஆம் ஆண்டு ஆகஸ்ட் 30ஆம் தேதி தென் அரி அட்டோலில் (பவளத்தீவுக் கூட்டத்தில்) உள்ள மாமிகிலி என்ற தீவில் பிறந்தார். அந்தக் காலத்தில் மாலத்தீவில் ரிசார்ட் என்ற ஒன்றே கிடையாது. முதல் ரிசார்ட் வந்ததே 1972இல்தான். சூரை மீனும் தேங்காயும்தான் பிழைப்பு. நம் கடப்புறத்து ஊர்கள் ஐம்பது அறுபது வருடத்துக்கு முன்னால் எப்படி இருந்தன என்று பெரியவர்களிடம் கேட்டால் ஏறக்குறைய அதே படம் கிடைக்கும். இளவயதிலேயே மாலேக்கு வந்து சின்ன வேலைகள் பார்த்து, அப்புறம் சரக்கு இறக்குமதியில் கால் வைத்தார்.

அந்த நாட்டில் இறக்குமதி என்றால் என்ன என்று இங்கே இருந்துகொண்டு புரிவது கஷ்டம். அரிசி விளையாது. கோதுமை கிடையாது. சர்க்கரை, வெங்காயம், முட்டை, சிமெண்ட், ஜல்லி எல்லாம் கப்பலில் வர வேண்டும். தூத்துக்குடியிலிருந்து தோணிகள் காய்கறியும் கட்டுமானச் சாமானும் ஏற்றிக்கொண்டு மாலேக்குப் போவது பல தலைமுறை வழக்கம். 1981இல் இந்தியாவோடு போட்ட வர்த்தக ஒப்பந்தப்படி இன்றும் இவற்றில் பல பொருள்களுக்குத் தனி ஒதுக்கீடு உண்டு. 2024இல் ஆற்று மணலுக்கும் ஜல்லிக்கும் தலா 10 லட்சம் டன் வரை அனுமதித்தார்கள். ஒரு நாடே மணலுக்குக்கூட வெளியே கை நீட்டுகிறது என்றால், கப்பல் வைத்துச் சரக்கு கொண்டுவருகிறவன் அங்கே சாதாரண வியாபாரியாக இருக்க முடியாது. வில்லா அங்கே தொடங்கிச் சமையல் எரிவாயு, எரிபொருள், ரிசார்ட், டி.வி. சானல், விமான சேவை, கல்லூரி என்று விரிந்தது.

தீவையே சொந்தமாக வைத்திருக்கிறாராமே, உண்மையா?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது. "அவருக்கு அஞ்சு தீவு சொந்தம்" என்று அங்கே வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள் டீக்கடையில் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். சொந்தம் இல்லை. குத்தகை.

மாலத்தீவில் ஏறக்குறைய 1,190 தீவுகள். மக்கள் குடியிருப்பது சுமார் 190இல்தான். மற்றவை அரசாங்கத்தின் கையில். சுற்றுலாத் துறை அதில் ஒன்றை எடுத்து, இத்தனை வருடத்துக்கு, இவ்வளவு வாடகைக்கு என்று ஒரு கம்பெனிக்குக் கொடுக்கும். ஒரு தீவில் ஒரு ரிசார்ட். படகுத்துறை, ஜெனரேட்டர், கடல்நீரைக் குடிநீராக்கும் யந்திரம், ஊழியர் குடியிருப்பு, மெஸ் எல்லாம் அந்தக் கம்பெனியே போட வேண்டும். வில்லாவின் கையில் இருந்தவை பாரடைஸ் ஐலண்ட், சன் ஐலண்ட், ஹாலிடே ஐலண்ட், ராயல் ஐலண்ட், ஃபன் ஐலண்ட் போன்றவை. வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு தகவல்: பாரடைஸ் ஐலண்டுக்கு இப்போது வில்லா நாட்டிகா என்று பெயர், சன் ஐலண்டுக்கு வில்லா பார்க். ஆஃபர் லெட்டரில் புதுப்பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், இடம் அதேதான்.

சரி, இதில் அரசியல் எங்கே வருகிறது? பத்து மாடி ஹோட்டல் கட்டியவனுக்கும் அடியில் இருக்கிற மண் அரசாங்கத்துடையது. வாடகை பாக்கி, அபராதம், குத்தகை நீட்டிப்பு, புதுத் தீவுக்கு அனுமதி எல்லாம் ஒரு அமைச்சரின் கையெழுத்தில் இருக்கிறது. ஆட்சி மாறினால் கையெழுத்தும் மாறும். இப்படிப்பட்ட நாட்டில் பெரிய ரிசார்ட் முதலாளி அரசியலுக்குள் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். காசிம் மட்டும் இல்லை, அங்கே ரிசார்ட் முதலாளிகள் பலர் கட்சி வைத்திருப்பதற்கும் எம்.பி. ஆவதற்கும் இதுதான் காரணம் என்பது என் கணிப்பு.

விமான நிலையம்கூட வைத்திருக்கிறாரா?

ஆம், அதுவும் பிறந்த ஊரிலேயே. மாமிகிலியில் 2011இல் திறந்தார்கள், நடத்துவது வில்லா. அதே வருடம் ஃப்ளைமீ என்ற விமான சேவையும் தொடங்கியது. மாமிகிலியைச் சுற்றிய கடலில் திமிங்கிலச் சுறா வருடம் முழுவதும் தென்படும். அதைப் பார்க்கவே உலகம் முழுவதிலிருந்தும் ஆள் வருகிறது, விமானம் காலியாகப் போகாது. சொந்த ஊர்ப் பாசமும் கணக்கும் ஒன்றாகச் சேர்ந்த இடம் அது.

அரசியலில் எப்படி இவ்வளவு பெரிய ஆளானார்?

மௌமூன் அப்துல் கயூம் 1978 முதல் 2008 வரை முப்பது வருடம் ஆண்டார். காசிம் அவருடைய அமைச்சரவையில் 2005 முதல் நிதி அமைச்சர். புதிய அரசியல் சாசனத்தை எழுதிய சிறப்பு மஜ்லிஸின் (அதற்கென்றே கூட்டிய சபையின்) சபாநாயகரும் அவரே. அந்தச் சாசனம் 2008 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. பல கட்சிகள் போட்டியிடும் முதல் அதிபர் தேர்தல் அதன்படிதான் நடந்தது. அதற்குச் சில மாதம் முன்பே பதவியை விட்டு வெளியே வந்து, ஜும்ஹூரி கட்சியின் சார்பில் தானே வேட்பாளராக நின்றார்.

முதல் சுற்றில் கயூமுக்கு 40 சதவீதம், எதிர்க்கட்சித் தலைவர் முகமது நஷீதுக்கு 25, காசிமுக்கு 15 சொச்சம். பாதிக்கு மேல் யாருக்கும் வராததால் இரண்டாம் சுற்று. காசிம் நஷீதை ஆதரித்தார். கயூம் தோற்றார். புது ஆட்சியில் காசிமுக்கு உள்துறை. மூன்றே வாரத்தில் ராஜினாமா! அதோடு உறவு முறிந்தது. 2010இல் எம்.பி.க்களுக்குப் பணம் கொடுத்தார் என்று நஷீத் அரசு அவரைக் கைது செய்ய, நீதிமன்றம் விடுவித்தது. 2012 பிப்ரவரியில் நஷீத் பதவி இழந்தபோது எதிர் அணியில் காசிம் இருந்தார்.

2013 தேர்தலில் என்ன நடந்தது? ஏன் எல்லோரும் அதையே பேசுகிறார்கள்?

ஓட்டுக் கணக்கைப் பார்த்தால் புரியும். அப்போது மொத்த வாக்காளர்களே சுமார் 2.39 லட்சம். நம் மாவட்டத்தில் ஒரு சட்டமன்றத் தொகுதி அளவு. 2019இல் வசந்தகுமார் வாங்கிய 6.27 லட்சம் ஓட்டு, மாலத்தீவின் மொத்த ஜனத்தொகையை விட அதிகம். அவ்வளவு சின்ன இடத்தில் ஓட்டு ஒவ்வொன்றும் எண்ணிப் பார்க்கிற சாமான்.

செப்டம்பர் 7, முதல் சுற்று. நஷீத் 95,224. கயூமின் தம்பி அப்துல்லா யாமீன் 53,099. காசிம் 50,422. இரண்டாம் சுற்றுக்கு இரண்டு பேர்தான் போக முடியும். 2,677 ஓட்டில் காசிம் வெளியே. நம் பக்கத்தில் ஒரு ஊராட்சித் தலைவர் தேர்தலில் தோற்கிற அளவு வித்தியாசம் அது.

வெளிநாட்டுப் பார்வையாளர்கள் தேர்தல் ஒழுங்காக நடந்தது என்றார்கள். காசிம் ஒத்துக்கொள்ளவில்லை. செத்தவர்கள் பெயரிலும் வயது வராதவர்கள் பெயரிலும் ஓட்டு விழுந்தது என்று உச்ச நீதிமன்றம் போனார். அக்டோபர் 7இல் ஏழு நீதிபதிகளில் நான்கு பேர் அவர் பக்கம் தீர்ப்புச் சொல்ல, தேர்தலே ரத்து. அக்டோபர் 19க்கு மறுதேர்தல் என்றார்கள். அன்று காலை போலீஸ் வந்து தேர்தல் அலுவலகத்தையே தடுத்துவிட்டது. வாக்காளர் பட்டியலில் வேட்பாளர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும் என்பது நீதிமன்ற நிபந்தனை. காசிமும் யாமீனும் போடவில்லை என்பதுதான் காரணம். ஒருவழியாக நவம்பர் 9இல் ஓட்டுப் பதிவு. இத்தனை போராடியும் அவருக்குக் கிடைத்தது 23 சதவீதம், மறுபடி மூன்றாம் இடம்.

நவம்பர் 16 இரண்டாம் சுற்றுக்கு முன்னால் அவர் யாமீனை ஆதரித்தார். யாமீன் ஏறக்குறைய ஆறாயிரம் ஓட்டில் ஜெயித்தார். காசிம் கையில் இருந்த நாற்பத்தெட்டாயிரத்தில் ஒரு சின்னப் பங்கு நஷீத் பக்கம் போயிருந்தாலும் கதை வேறு.

அவர் ஜெயிக்க வைத்த யாமீனே அவரை ஜெயிலுக்கு அனுப்பினாராமே?

ஆமாம். 2014இல் நாடாளுமன்றச் சபாநாயகர் பதவிக்குக் காசிம் நின்றார், கூட்டாளிக் கட்சி தன் ஆளை நிறுத்தி ஜெயித்தது. கூட்டணி போயிற்று. 2015 தொடக்கத்தில் பழைய எதிரி நஷீதோடு மேடை ஏறினார். மேலே சொன்ன குத்தகை விஷயம் இங்கேதான் வேலையைக் காட்டியது. ரிசார்ட் கட்டக் கொடுத்த தீவுகளுக்கு வாடகையும் அபராதமும் பாக்கி என்று வில்லாவிடம் 9 கோடி டாலருக்கு மேல் கேட்டு நோட்டீஸ் வந்தது. பிறகு வங்கிக் கணக்குகளை முடக்கினார்கள். பாக்கி உண்மையா பொய்யா என்று கோர்ட்டில் வாதாடலாம். ஆனால் நோட்டீஸ் வந்த நேரத்தைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

அதே வருடம் அரசியல் சாசனத்தைத் திருத்தி, அதிபர் வேட்பாளருக்கு 30 முதல் 65 வயது என்று வரம்பு வைத்தார்கள். 2018 தேர்தல் வரும்போது காசிமுக்கு 67. யாரை மனதில் வைத்துப் போட்ட வரம்பு என்று மாலே டீக்கடைகளில் யாரும் கேட்கவில்லை.

எதற்காகத் தண்டனை?

2017இல் ஒரு எதிர்க்கட்சிக் கூட்டத்தில் பேசியதற்காக. சபாநாயகருக்கு எதிரான நம்பிக்கையில்லாத் தீர்மானத்தை ஆதரிக்கும் எம்.பி.க்களுக்கு அடுத்த தேர்தலில் உதவுவோம் என்ற பொருளில் பேசினார். அது லஞ்சம் என்று வழக்கு. ஆகஸ்டில் 3 வருடம் 2 மாதம் 12 நாள் தண்டனை, அதுவும் அவர் மருத்துவமனையில் இருக்கும்போது. சிகிச்சைக்காக வெளிநாடு போக அனுமதி கிடைத்து ஜெர்மனியில் தங்கினார். "கட்சி மாறினால் சீட் தருவோம்" என்று மைக்கில் சொல்வது குற்றம் என்றால் நம் நாட்டில் ஜெயில் பத்தாது, அது வேறு விஷயம்.

2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் காசிம், நஷீத் உட்பட அரசியல் தலைவர்களை விடுவிக்கச் சொன்னது. யாமீன் அவசர நிலையைப் பிரகடனம் செய்தார். செப்டம்பர் தேர்தலில் எதிர்க்கட்சிகள் எல்லாம் இப்ராகிம் சோலிஹின் பின்னால் சேர, அவர் 58 சதவீதம் வாங்கி ஜெயித்தார். துணை அதிபர் பதவி ஜும்ஹூரி கட்சியின் ஃபைசல் நசீமுக்கு. காசிம் ஊர் திரும்பி, தண்டனை ரத்தாகி, சபாநாயகர் நாற்காலியில் 2019 மே வரை உட்கார்ந்தார்.

இப்போதும் அதே செல்வாக்கு உண்டா?

இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். வயது வரம்பு நீங்கி 2023இல் 72 வயதில் மறுபடி நின்றார். கிடைத்தது 2.47 சதவீதம். பத்து வருடத்தில் ஐம்பதாயிரம் ஓட்டு ஐந்தாயிரம் சொச்சமாகக் குறைந்தது. முகமது முய்சு ஜெயித்தார். 2024 நாடாளுமன்றத் தேர்தலில் 93 இடங்களில் ஜும்ஹூரி கட்சிக்கு ஒன்றுதான் வந்தது. எத்தனை முறை பக்கம் மாறினாலும் மக்கள் கூடவே வருவார்கள் என்று நினைத்தது தப்புக் கணக்கு என்பது என் அபிப்பிராயம். அங்கே உள்ள என் பழைய மாணவர்கள் சிலர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அவர் காசில் வெளிநாட்டில் படித்தவர்கள் தீவுக்குத் தீவு இருக்கிறார்கள், அந்த வீடுகளில் அவரைப் பற்றிக் குறை சொல்ல முடியாது.

தூத்தூர், வள்ளவிளைப் படகுகளை மாலத்தீவு பிடிக்கிறதே, இவர் போன்றவர்களிடம் பேசினால் விடுவார்களா?

அப்படி யாராவது சொல்லிப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். அங்கே 2010இல் சுறா பிடிப்பதற்கு முழுத் தடை போட்டார்கள். சூரையைத் தூண்டிலில் ஒவ்வொன்றாகப் பிடிப்பதுதான் அவர்கள் முறை, மாசிக் கருவாடு அதிலிருந்து வருவதுதான். நம் தூத்தூர் மண்டலத்து ஆட்கள் ஆழ்கடலில் சுறா பிடிப்பதற்கே பேர் போனவர்கள். எல்லைக்குள் போனால் அது அவர்களுக்கு உயிர்நாடி விஷயம், எந்தக் கட்சிக்காரரும் நமக்காக வாய் திறக்க மாட்டார். மீன்வளத் துறை, மாவட்ட ஆட்சியர், அவர்கள் வழியாக மாலேயில் உள்ள இந்தியத் தூதரகம் என்பதுதான் வழி. படகில் இருப்பிடம் காட்டும் கருவியின் பதிவு இருந்தால் பத்திரமாக வைத்திருங்கள், விசாரணையில் முதலில் கேட்பது அதைத்தான்.

முதலாளி எந்தக் கட்சி என்பது வேலைக்குப் போகிற எனக்கு எதற்கு?

2015இல் கணக்கு முடங்கியபோது வில்லாவில் வேலை பார்த்த ஆயிரக்கணக்கானவர்களைக் கேட்டால் தெரியும். முதலாளிக்கும் அரசுக்கும் சண்டை என்றால் சம்பளத் தேதி தள்ளிப்போகலாம். வில்லா என்று இல்லை, அங்கே எந்தக் கம்பெனிக்கும் இது பொருந்தும். ஒர்க் பர்மிட்டில் எந்தக் கம்பெனியின் பெயர் இருக்கிறது, அதுவும் நீங்கள் வேலை பார்க்கப் போகும் தீவும் ஒத்துப்போகிறதா என்று ஏஜெண்டிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். தேர்தல் சமயத்தில் அந்த ஊர்க் கட்சிக் கூட்டங்களை வேடிக்கை பார்க்கப் போவதும், ஃபேஸ்புக்கில் கருத்துச் சொல்வதும் வேண்டாம். "இந்தியாவே வெளியேறு" என்ற பிரசாரம் நடந்த வருடங்களில் நம் ஆட்கள் பலர் வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார்த்தார்கள், வகுப்பிலும் தெருவிலும் அவர்களை மரியாதையாகத்தான் நடத்தினார்கள்.

என் மகளுக்கு வில்லா காலேஜில் பாடம் நடத்தும் வேலை வந்திருக்கிறது. அனுப்பலாமா?

2007இல் தொடங்கியது, அந்த நாட்டின் பெரிய தனியார் கல்லூரிகளில் ஒன்று. ஒப்பந்தத்தில் வீட்டு வாடகை யார் பொறுப்பு என்று முதலில் பாருங்கள், மாலேயில் ஒரு அறையின் வாடகையே சம்பளத்தில் பெரிய பகுதியை விழுங்கும். பன்றி இறைச்சி, மது, வழிபாட்டுச் சிலைகள் எதையும் பெட்டியில் வைக்காதீர்கள், சுங்கத்தில் எடுத்துவிடுவார்கள். வருடம் ஒருமுறை ஊருக்கு வந்துபோக டிக்கெட் தருகிறார்களா என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.